1950களின் அமெரிக்க இல்லத்தரசி, அவள் வீடு, அவள் சபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஹையோவில் நாங்கள் போகும் மெதடிஸ்ட் சபையில் (புராட்டஸ்டண்ட் சர்ச்சுகளில் ஒரு பிரிவு), விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவ முதலில் எழுந்து வருபவர்கள் எண்பதைத் தாண்டிய பாட்டிமார். அவர்கள் பக்கத்தில் துடைக்கும் துணியோடு நின்ற ஆண்டுகளில் கேட்டதும், அதன்பின் ஆர்வம் பிடித்து வாசித்ததும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஊருக்குப் போன் பேசும்போது அக்காமாரும் சிநேகிதிகளும் கேட்ட கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இலிருந்து 1960களின் தொடக்கம் வரை. போரிலிருந்து திரும்பிய ஆண்களுக்குக் கல்லூரிச் செலவும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதமும் தரும் சட்டம் 1944இல் வந்தது. கையில் முன்பணம் இல்லாத இளம் தம்பதிகள்கூட ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய குடியிருப்புகளில் வீடு வாங்கினார்கள். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் அதில் பேர்போனது. 1949இல் அங்கே ஒரு வீடு 7,990 டாலர். அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் அந்த விலைக்குள். பெண்கள் இருபது வயதை ஒட்டியே கல்யாணம் செய்துகொண்ட காலம் அது. 1957இல் மட்டும் அந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் சுமார் 43 லட்சம்.

ஆனால் விளம்பரப் படத்தில் முத்துமாலை போட்டுக்கொண்டு சிரிக்கும் பெண்ணை மட்டும் வைத்து அந்தத் தலைமுறையை எடைபோடக் கூடாது. 1950 கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒரு வீட்டில் வெந்நீர், குளியலறை, கழிப்பறை என்ற முழு வசதி கிடையாது. பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். லெவிட்டவுனின் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

மெஷின் எல்லாம் இருந்ததே, அப்புறம் என்ன அப்படி வேலை?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். திங்கட்கிழமையைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போடுங்கள்.

திங்கள் துணி துவைக்கும் நாள். தானாகச் சுற்றி நிற்கும் மெஷின் எல்லா வீட்டிலும் வந்துவிடவில்லை. பலரிடம் இருந்தது தொட்டியும் அதன்மேல் இரண்டு ரப்பர் உருளையும் கொண்ட மெஷின். ஒவ்வொரு துணியாக உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிழிய வேண்டும், விரலும் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, அடுத்து கலர் துணி, கடைசியில் வேலைக்குப் போட்டுப்போன அழுக்குச் சட்டைகள். பிறகு அலசல். வெள்ளைக்கு நீலம் போடுவது, காலருக்குக் கஞ்சி போடுவது எல்லாம் நம் அம்மாமார் செய்ததேதான். கொடியில் போடுவதற்கும் முறை உண்டு: தெருப்பக்கக் கொடியில் படுக்கை விரிப்பு, நடுக் கொடியில் அக்கம்பக்கத்தார் கண்ணில் படக் கூடாத உள்ளாடைகள். பனிக்காலத்தில் காற்சட்டைகள் கொடியிலேயே பலகைபோல விறைத்துவிடும். அவற்றை அப்படியே தூக்கிவந்து அடுப்பருகே சாய்த்து வைத்ததாக ஒரு பாட்டி கையை விரித்துக் காட்டினார்.

செவ்வாய் இஸ்திரி. சுருக்கம் விழாத துணிகள் பரவலானது 1960களில்தான். அதுவரை கணவனுக்கு வாரத்துக்கு ஐந்து வெள்ளைச் சட்டை, பிள்ளைகளின் கவுன்கள், மேசை விரிப்பு, தலையணை உறை எல்லாமே பெட்டிக்குக் கீழே போய் வர வேண்டும். கோலா பாட்டிலில் ஓட்டை போட்ட மூடியைச் செருகித் துணிமேல் தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, ஈரம் சமமாகப் பரவியதும் தேய்ப்பார்கள். அன்றைக்கு முடியவில்லை என்றால் சுருட்டிய துணியைப் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்களாம்.

மற்ற நாட்கள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும்: கிழிசல் தைக்க ஒன்று, கடைக்கு ஒன்று, வீடு துடைக்க ஒன்று, சனிக்கிழமை ரொட்டியும் பையும் சுட. பை என்றால் பழம் வைத்துச் சுடும் இனிப்பு. மாவுச் சாக்குத் துணியை வெட்டிப் பாத்திரம் துடைக்கும் துணியாக்கி, ‘திங்கள் துவையல்’, ‘செவ்வாய் இஸ்திரி’ என்று பூத்தையலில் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் சபைச் சமையலறை அலமாரியில் அப்படி ஒரு துணி இன்னும் இருக்கிறது. அதில் பாத்திரம் துடைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

வீட்டுப் பணம் யார் கையில்?

சம்பளம் கணவனுடையது, செலவு மனைவியுடையது. வாடகை, மளிகை, பால், காணிக்கை என்று உறைகளில் பணத்தைப் பிரித்து வைப்பது பரவலான வழக்கம். கடையில் பத்து சென்ட்டுக்கு ஒன்று என்று தரும் பச்சை ஸ்டாம்பை நாக்கில் நனைத்துப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்ப்பார்கள். 1,200 ஸ்டாம்ப் சேர்ந்தால் ஒரு புத்தகம். சில புத்தகங்கள் சேர்ந்ததும் விளக்கோ போர்வையோ வாங்கிக்கொள்ளலாம். பண்ணை வீட்டுப் பெண்களுக்கு முட்டை விற்ற காசு தனி. அதைக் கணவன் கேட்பதில்லை. நம் ஊர்ச் சிறுவாடுக்கு அதைவிடப் பொருத்தமான அமெரிக்க உதாரணம் எனக்குத் தெரியாது.

சொந்தப் பெயரில் கடன் வாங்குவதுதான் முடியாத காரியம். திருமணமான பெண் கேட்டால் கணவன் கையெழுத்தைக் கேட்பார்கள். அப்படிக் கேட்பதைத் தடுக்கும் சட்டம் 1974இல்தான் வந்தது.

என்ன சமைத்தார்கள்?

கறி, உருளைக்கிழங்கு, ஒரு காய், ரொட்டி, இனிப்பு. கணவன் வேலையிலிருந்து வந்ததும் மாலை ஆறு மணிவாக்கில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஜெபித்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்தக் காலத்துக்கே உரிய சாப்பாடு காசரோல். அடுப்பில் வைக்கும் ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் காயோ கறியோ நூடுல்ஸோ போட்டு, டின்னில் வரும் காளான் சூப்பை ஊற்றி, மேலே மொறுமொறுப்பாக எதையாவது தூவிச் சுடுவது. மின்னசோட்டாப் பக்கம் இதற்கே ஹாட்டிஷ் என்று பெயர். இன்றும் நவம்பர் நன்றி தெரிவிக்கும் நாளில் மேசைக்கு வரும் பீன்ஸ் காசரோல் 1955இல் நியூஜெர்சியின் கேம்டனில், கேம்ப்பெல் சூப் கம்பெனிச் சமையலறையில் உருவானது. உருவாக்கிய குழுவின் தலைவி டார்கஸ் ரெய்லி. தமிழ் வேதாகமத்தில் ‘தொற்காள்’ என்று வாசிக்கிறோமே, அதே பெயர். யோப்பா பட்டணத்தில் விதவைகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்த அந்தத் தொற்காளின் பெயரைத்தான் அமெரிக்கச் சபைகளின் தையல் குழுக்களும் வைத்துக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும்?

சனி இரவே தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டல், பெண்பிள்ளைகளின் முடியைச் சுருட்டிக் கட்டல், அப்பாவின் ஷூவோடு எல்லா ஷூவுக்கும் பாலிஷ். காலையில் ஒரு பெரிய இறைச்சித் துண்டைக் கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு மூடிய பாத்திரத்தில் வைத்து, அடுப்பைக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவாள். திரும்பி வரும்போது வீடு முழுக்க மணக்கும். பிரசங்கம் நீண்டுபோனால் கறி காய்ந்துவிடுமே என்ற கவலையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

ஆராதனைக்கு முன்னோ பின்னோ ஞாயிறு பாடசாலை. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு. வருஷம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குச் சட்டையில் குத்தும் பின் கொடுப்பார்கள். அடுத்த வருஷமும் தவறாவிட்டால் அதற்குக் கீழே ஒரு பட்டை தொங்கும். பத்துப் பட்டை தொங்கும் பின்னைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வருஷம் ஒரு ஞாயிறும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டவள் யார் என்று அந்தப் பின்னில் எழுதவில்லை.

தொப்பி, கையுறை இல்லாமல் பெண்கள் வர மாட்டார்கள். ஈஸ்டருக்குப் புதுத் தொப்பி என்பது நமக்குக் கிறிஸ்துமஸ் புடவை மாதிரி. பல மாநிலங்களில் ஞாயிறன்று கடை திறக்கச் சட்டமே இடம் கொடுக்காது. ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா பாட்டி வீடு, நோயாளிகளைப் பார்ப்பது, தூக்கம். தூக்கம் அவளுக்கு இல்லை, பாத்திரம் கிடக்கும்.

அத்தனை பேர் சபைக்குப் போனது பக்தியினாலா?

பக்தி உண்டு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 1950களின் நடுவில் நடந்த கருத்துக்கணிப்புகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் கடந்த வாரம் ஆலயத்துக்குப் போனோம் என்றார்கள். சோவியத் ரஷ்யாவுடன் பனிப்போர் நடந்த காலம் என்பதால் அரசாங்கமும் அந்தப் பக்கமே நின்றது. கொடிக்குச் சொல்லும் உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ என்ற சொல் 1954இல் சேர்ந்தது. ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது 1956இல் நாட்டின் வாசகமாயிற்று.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. புதுக் குடியிருப்புக்கு வந்த பெண்ணுக்கு அங்கே அம்மா இல்லை, சித்தி இல்லை, கூடப் படித்தவள் இல்லை. பிரசவமானால் சோறு கொண்டுவர, காய்ச்சல் வந்தால் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். அந்த உறவுமுறையைச் சபை கொடுத்தது. புலம்பெயர்ந்து வந்து முதல் குழந்தையைப் பெற்ற எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சபைப் பெண்கள் சங்கம் என்னதான் செய்தது?

இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மெதடிஸ்ட் சபையில் 1940இல் பெண்கள் ஊழியச் சங்கம் அமைந்தது. தென்பகுதி பாப்டிஸ்ட் பெண்களின் மிஷனரி சங்கம் அதைவிடப் பழையது, 1888இலேயே தொடங்கியது. லுத்தரன் சபைகளில் ‘லேடீஸ் எய்ட்’. எந்தப் பெயராக இருந்தாலும் நடைமுறை ஒன்றுபோலவே. சங்கத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து ரூத், எஸ்தர், லீதியாள், மார்த்தாள் என்று வேதாகமப் பெயர் வைப்பார்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். ஜெபம், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பொருளாளர் கணக்கு, தீர்மானம், வாக்கெடுப்பு, ஏதாவது ஒரு மிஷன் நாட்டைப் பற்றிய பாடம், அப்புறம் காபியும் கேக்கும். ஒரு செயலாளரின் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். உருண்டை எழுத்தில், ஒரு சென்ட்கூடப் பிசகாத கணக்கு. கல்யாணத்துக்கு முன் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்ணின் கை என்று பார்த்ததும் தெரிந்தது.

பணம் எப்படி வரும்? கோழி விருந்துக்கு டிக்கெட், பழைய துணி விற்பனை, கிறிஸ்துமஸ் பஜார், ஒட்டுத்துணிப் போர்வை. நார்வே, ஸ்வீடன் வழிவந்த சபைகளில் சோடாக் காரம் கலந்த நீரில் ஊறவைத்த காய்ந்த காட் மீன் விருந்து. அங்கே காபிப் பொடியில் முட்டையை ஓட்டோடு உடைத்துக் கலந்து கொதிக்கவைப்பார்கள். மண்டி எல்லாம் முட்டையோடு திரண்டு ஒதுங்கி, தேன் நிறத்தில் தெளிந்த காபி கிடைக்கும். பணம் எங்கே போகும்? சபைச் சமையலறை அடுப்பு, போதகர் வீட்டுக் கம்பளம், ஞாயிறு பாடசாலை நாற்காலிகள், மிஷன் ஆஸ்பத்திரிகள். நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வெந்நீர்க் கொதிகலன் உடைந்தால் ஆள் அனுப்புவது பெண்கள் சங்கத்துக்கு.

சாவு வீடு என்றால் ஒருத்தி இரண்டு பேருக்குப் போன் செய்ய, அந்த இரண்டு பேர் நாலு பேருக்குச் செய்வார்கள். அடக்கம் முடிந்து குடும்பம் வரும்போது சபைக் கீழ்த்தளத்தில் பன்றித்தொடைக் கறி, உருளைக்கிழங்கு, சாலட், ஏழெட்டு வகைக் கேக் தயாராக இருக்கும். திருநெல்வேலிச் சபைகளின் அசன விருந்துபோல ஒரே அண்டாவில் ஆக்குவதல்ல, வீட்டுக்கு ஒரு பாத்திரம். எந்தப் பாத்திரம் யாருடையது என்று தெரிய அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள்.

அந்தப் பெயர்களில் ஏன் எல்லாம் ஆண் பெயராக இருக்கிறது?

கவனித்தீர்களா! சங்க நோட்டிலும், பத்திரிகைச் செய்தியிலும், சமையல் குறிப்புக்குக் கீழேயும் ‘மிஸஸ் ஜான் ஸ்மித்’ என்றுதான் இருக்கும். அவளுடைய சொந்தப் பெயர் வராது. அது மரியாதை என்று எண்ணிய காலம். சொந்தப் பெயரோடு ‘மிஸஸ்’ சேர்த்து எழுதினால் விவாகரத்தானவள் என்று பொருள்படும். இருபது வருஷம் சங்கத் தலைவியாக இருந்த ஒருவரின் பெயரைக் கண்டுபிடிக்க நான் ஞானஸ்நானப் பதிவேடுவரை போக வேண்டியிருந்தது.

போதகரின் மனைவி?

நம் ஊர் பாஸ்டரம்மா நிலைதான். சம்பளம் கணவனுக்கு ஒன்று, வேலை இருவருக்கும். பியானோ வாசிக்க வேண்டும், ஞாயிறு பாடசாலை எடுக்க வேண்டும், எந்த நேரமும் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். வீடு சபையின் சொத்து, சுவருக்கு என்ன கலர் என்பதைக்கூடக் கமிட்டி முடிவு செய்யும்.

பெண்கள் பிரசங்கம் செய்யலாமா?

மெதடிஸ்ட் சபை 1956இல் பெண்களுக்கு ஆண் போதகர்களுக்குச் சமமான முழு உரிமை கொடுத்தது. அதே ஆண்டு பிரஸ்பிட்டேரியன் சபையில் மார்கரெட் டவ்னர் குருப்பட்டம் பெற்றார். பெரும்பாலான ஊர்களில் பிரசங்க பீடத்தில் பெண்ணைப் பார்க்க இன்னும் பல வருஷம் ஆயிற்று.

கத்தோலிக்க வீடுகள் வேறா?

நிறையவே வேறு. பூசை லத்தீனில். தலையில் முக்காடோ தொப்பியோ கட்டாயம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது இறைச்சி கூடாது, ஆகவே மீனோ சீஸ் போட்ட மக்ரோனியோ. அந்த வெள்ளிக் கட்டுப்பாட்டை அமெரிக்க ஆயர்கள் 1966இல் தளர்த்தினார்கள். நற்கருணை வாங்க நள்ளிரவு முதல் ஒன்றும் சாப்பிடாமல் ஒருசந்தி இருக்க வேண்டும் என்ற விதி 1957இல் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. கைக்குழந்தையோடு காலைப் பூசைக்குப் போன தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. இரவில் குடும்ப ஜெபமாலை. பிஷப் ஃபுல்டன் ஷீன் 1952 முதல் 1957 வரை தொலைக்காட்சியில் பேசியபோது புராட்டஸ்டண்ட் வீடுகளிலும் உட்கார்ந்து கேட்டார்கள்.

கறுப்பினப் பெண்களின் நிலை?

வெள்ளைக்கார இல்லத்தரசியின் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பி, தன் வீட்டு வேலையைத் தொடங்கியவர்கள் அவர்களில் பலர். ‘வீட்டிலேயே இருக்கும் மனைவி’ என்ற வாழ்க்கை அவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் வேறு ஆள். வெள்ளை உடை, வெள்ளைக் கையுறையோடு வாசலில் வரவேற்பவள், சபைத் தாய் என்று முன்வரிசையில் மதிக்கப்படுபவள்.

அலபாமாவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பர் முதல் 381 நாள் கறுப்பின மக்கள், பஸ்ஸில் நிறம் பார்த்து இருக்கை பிரிப்பதை எதிர்த்து, பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். சர்ச்சுகளில் கூட்டம், சர்ச்சுகளில் நிதி. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், வேலை போய்விடுமோ என்று பயந்த பெண்களைச் சேர்த்து வறுத்த கோழியும் கேக்கும் பையும் செய்து விற்று, மக்களை ஏற்றிச்சென்ற கார்களுக்குப் பெட்ரோல் காசு திரட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ எனலாம் என்பதால் ‘எங்குமில்லாச் சங்கம்’ என்றே பெயர் வைத்தார். சபைச் சமையலறையின் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு கதை இல்லை.

அவர்களை அதிகம் பயமுறுத்தியது எது?

போலியோ. கோடை வந்தால் நீச்சல் குளம், சினிமா, கூட்டம் எல்லாவற்றுக்கும் தடை போடுவாள் தாய். 1952இல் மட்டும் ஏறக்குறைய 58,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1950 ஜனவரியில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தாய்மார் போலியோவை எதிர்க்க வீடு வீடாக நன்கொடை கேட்டு நடந்தார்கள். கொடுக்க விரும்புபவர்கள் வாசல் விளக்கை எரியவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அது பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஜோனஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தபோது ஆலய மணிகள் அடித்தன.

அவர்கள் சந்தோஷமாக இருந்தார்களா?

ஒரே பதில் கிடையாது. ‘என் வாழ்க்கையின் நல்ல நாட்கள்’ என்று கண் கலங்கியவரும் உண்டு, ‘கல்லூரியை விட்டிருக்கக் கூடாது’ என்று அறுபது வருஷம் கழித்தும் சொன்னவரும் உண்டு. இரண்டையும் சொன்னது ஒரே பாட்டிதான், இரண்டு வேறு நாட்களில்.

நமக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. வேலூரில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்கு அமெரிக்கச் சபைப் பெண்களின் காணிக்கை வந்துகொண்டே இருந்தது. மதுரை லேடி டோக் கல்லூரியை 1948இல் நிறுவிய கேட்டி வில்காக்ஸும் அமெரிக்க மிஷனரிதான். பல சபைகளில் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுருட்டி, மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணியாக அனுப்புவார்கள்.

பழைய சபைச் சமையல் புத்தகம் கையில் கிடைத்தால் எப்படி வாசிப்பது?

‘ஓலியோ’ என்றால் மார்ஜரின், வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்துவது. வெண்ணெய் விற்பவர்களைக் காக்க மஞ்சள் மார்ஜரினுக்கு மத்திய அரசு 1950 வரை தனி வரி போட்டிருந்தது. வெள்ளையாக வாங்கி, கூடவே வரும் சாயத்தை வீட்டில் பிசைந்து கலப்பார்கள். ‘மெதுவான அடுப்பு’ என்றால் 300 ஃபாரன்ஹீட்டை ஒட்டிய சூடு. ‘இரண்டாம் நம்பர் டின்’ என்றால் ஏறக்குறைய இரண்டரைக் கப்.

அடுத்து, கறை படிந்த பக்கங்களைப் பாருங்கள். எண்ணெயும் மாவும் ஒட்டியிருப்பவைதான் உண்மையில் சமைத்தவை. ஓரத்தில் பென்சிலில் ‘சர்க்கரை குறைக்கவும்’, ‘40 பேருக்குக் காணும்’ என்று இருக்கும். கடைசியாக, குறிப்புக்குக் கீழே உள்ள ‘மிஸஸ்’ பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அந்தச் சபையில் மூத்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். எங்கள் சபைப் புத்தகத்தில் இதுவரை 31 பேருக்குச் சொந்தப் பெயரைக் கேட்டு, குறிப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறோம். இன்னும் பன்னிரண்டு பேர் பாக்கி.